எந்த மரக்காலால் அளப்பது? வர்ஜீனியாவின் பணக்கார கவுன்டியும் ஏழைக் கவுன்டியும்

1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து லவுடன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) 21,147 பேர் இருந்தார்கள். பொட்டோமாக் ஆற்றங்கரையில் பால்பண்ணைகளும் மக்காச்சோளக் காடுகளும் குதிரை மேயும் புல்வெளிகளுமாகக் கிடந்த ஊர்ப்புறம் அது. அதே ஆண்டில், மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் கென்டக்கியையும் மேற்கு வர்ஜீனியாவையும் உரசிக்கொண்டிருக்கும் பக்கானன் கவுன்டியில் 35,748 பேர். நிலக்கரிச் சுரங்கங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்த காலம். பிழைப்புத் தேடிக் கிளம்புகிறவன் பக்கானன் பக்கம் போவான். லவுடன் பக்கம் போக அவனுக்குக் காரணம் இல்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2020இல், லவுடனில் 4,20,959 பேர். பக்கானனில் 20,355 பேர்.

வருமானத்துக்கு வருவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டு மதிப்பீட்டின்படி லவுடனின் இடைநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,70,463 டாலர். நாட்டின் மூவாயிரத்துச் சொச்சம் கவுன்டிகளிலும் அதுதான் முதலிடம். வர்ஜீனியா முழுமைக்கும் அதே அளவு 87,249 டாலர். பக்கானனின் எண், லவுடனுடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஒரே மாநிலம், ஒரே ஆளுநர், ஒரே சட்டமன்றம். இரண்டுக்கும் இடையே ஆறேழு மணி நேரக் கார்ப் பயணம்.

நான் லவுடனின் கிழக்குப் பகுதியில் குடியிருக்கிறேன். ஆஷ்பர்னில் சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனால் தமிழும் தெலுங்கும் காதில் விழாமல் திரும்ப முடியாது. 2020 கணக்கெடுப்பில் இந்தக் கவுன்டியில் ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சாவளியினர். ஊரிலிருந்து பேசும் உறவினர்கள், "நாட்டிலேயே பணக்கார இடத்தில் இருக்கிறீர்களாமே" என்று கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எண்களோடு புழங்குவது என் தொழில் என்பதால் அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஒரு கவுன்டி பணக்கார கவுன்டி என்றால் அங்கே யாருடைய கையில், எந்த வடிவத்தில் பணம் இருக்கிறது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது. அது என்னைக் கொண்டு நிறுத்திய இடம் பள்ளிக்கூடங்கள்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

வர்ஜீனியாவில் கவுன்டி என்பது வெறும் வரைபடக் கோடு கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு ஒன்று அங்கே சொத்து வரி விகிதத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குகிறது. பள்ளிக் குழுவுக்குத் தனியே வரி போடும் அதிகாரம் இல்லை. ஆகவே ஒரு குழந்தையின் வகுப்பறை அந்தக் கவுன்டியின் வரித்தளத்தை நம்பியே நிற்கிறது.

இன்னொரு சிக்கல் இந்த மாநிலத்துக்கே உரியது. இங்கே 95 கவுன்டிகள். அவற்றோடு 38 தன்னாட்சி நகரங்கள். இந்த நகரங்கள் எந்தக் கவுன்டியிலும் சேராதவை. நாடு முழுவதும் இப்படிப்பட்ட நகரங்கள் 41 மட்டுமே. மற்ற மூன்றும் பால்டிமோர், செயின்ட் லூயிஸ், கார்சன் சிட்டி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இந்த 38 நகரங்களையும் கவுன்டிக்குச் சமமாகவே வைத்து எண்ணுகிறது. தேசிய வருமானக் கணக்குகளைத் தயாரிக்கும் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையோ சிறிய நகரங்களைப் பக்கத்துக் கவுன்டியோடு சேர்த்தே வெளியிடுகிறது. ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி, ஃபேர்ஃபாக்ஸ் நகரம், ஃபால்ஸ் சர்ச் நகரம் மூன்றும் அங்கே ஒரே வரிசையில் வரும். இரண்டு துறைகளின் அட்டவணைகளையும் பெயரை மட்டும் பார்த்து ஒட்டுகிறவர்கள் முதல் நாளே தவறு செய்துவிடுகிறார்கள். நானும் செய்தேன்.

ஃபால்ஸ் சர்ச் பரப்பளவில் இரண்டு சதுர மைல்தான்; 2020இல் 14,658 பேர். லவுடனுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாம் இடத்தில் இந்தச் சிறு நகரம் 1,64,536 டாலரோடு நிற்கிறது. ஆனால் ஆண்டுதோறும் வெளியாகும் ஓராண்டு மதிப்பீட்டுப் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. 65,000 பேருக்குக் குறைவான இடங்களுக்கு ஓராண்டு மதிப்பீட்டை வெளியிடுவதில்லை. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தாலும் சிறிய இடங்களில் பிழை வரம்பு அகலமாகவே இருக்கும். 2,232 பேர் மட்டுமே வசிக்கும் ஹைலண்ட் கவுன்டியை இந்த எண்ணைக் கொண்டு 40ஆவது இடம், 60ஆவது இடம் என்று வரிசைப்படுத்துவது பொருளற்ற வேலை. 2017–2021 அட்டவணையையும் 2018–2022 அட்டவணையையும் அருகருகே வைத்து "ஓராண்டில் இவ்வளவு உயர்ந்தது" என்று எழுதுவதும் அப்படித்தான். இரண்டிலும் நான்கு ஆண்டுகள் பொதுவானவை.

வீடுகளை வரிசையில் நிறுத்தினால்

இடைநிலை வருமானம் என்பது எளிமையான கருத்து. கவுன்டியில் உள்ள குடும்பங்களை எல்லாம் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. வரிசையின் கடைசியில் ஒரு கோடீசுவரர் வந்து நின்றாலும் நடுவில் நிற்பவர் மாறமாட்டார். சராசரியைவிட இது நம்பத்தகுந்தது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் குடும்பம் எவ்வளவு பெரியது என்பதை இந்த அளவு கேட்பதில்லை. லவுடனில் ஒரு வீட்டில் சராசரியாக மூன்று பேர். வாஷிங்டன் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஆர்லிங்டனில் இரண்டு பேரைச் சற்றே தாண்டும். லவுடனில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த தாத்தா, பாட்டி. ஆர்லிங்டனில் தனியாக ஒரு வழக்கறிஞர் ஒற்றை அறைக் குடியிருப்பில் இருப்பார். குடும்பக் கணக்கில் லவுடன் முந்துகிறது. தலைக்கணக்கில் ஆர்லிங்டன் முந்துகிறது, அதுவும் கணிசமான இடைவெளியோடு. "நாட்டிலேயே பணக்கார கவுன்டி" என்ற பட்டம், குடும்பம் என்ற மரக்காலால் அளந்ததால் கிடைத்தது. தலை என்ற மரக்காலை எடுத்திருந்தால் எங்கள் கவுன்டிக்கு அது கிடைத்திருக்காது.

தலைக்கணக்குக்கும் குறைகள் உண்டு. தெற்கே கிரீன்ஸ்வில் கவுன்டியில் பெரிய சிறைச்சாலை ஒன்று இருக்கிறது. கைதிகளும் மக்கள்தொகையில் சேர்கிறார்கள். அவர்களுக்கு வருமானம் இல்லை. வெளியே இருப்பவர்களின் வாழ்க்கை துளியும் மாறாமலேயே தலா வருமானம் இறங்கிவிடுகிறது. பக்கானனிலும் கீன் மவுண்டன் சிறை உண்டு. ஹாரிசன்பர்க், ராட்ஃபோர்ட் போன்ற கல்லூரி நகரங்களில் வேறு வகைக் குழப்பம்: வாடகை அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே எண்ணப்படுகிறார்கள். அப்பா அனுப்பும் பணத்தில் பீட்சா சாப்பிடும் மாணவனும் நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு வீட்டில் படுத்திருக்கும் முதியவரும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள்.

அந்த வறுமைக் கோடுமே நாட்டின் பெருநிலப்பரப்பு முழுவதற்கும் ஒன்றுதான். சராசரி வீடு 6 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் லவுடனுக்கும், ஒரு லட்சத்துக்குக் குறைவாக விற்கும் பக்கானனுக்கும் அதே கோடு. இதனால் லவுடனில் வறுமை இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. ஸ்டெர்லிங் பகுதியின் பழைய வீடுகளில் இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். அட்டவணை அதைக் கூட்டு வருமானமுள்ள ஒரே குடும்பமாகப் பார்த்துவிடவும் கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கவுன்டியின் வருமானம் என்பது அங்கே இரவில் உறங்குகிறவர்களின் வருமானம். பகலில் உழைக்கிறவர்களின் வருமானம் அல்ல. விடியற்காலையில் மேற்கு வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் கவுன்டியிலிருந்து ப்ளூ ரிட்ஜ் மலையைத் தாண்டி 9ஆம் எண் சாலையில் கார்கள் வரிசையாக இறங்கி வருகின்றன. தச்சர்கள், செவிலியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், ஆசிரியர்கள். லவுடனில் வீடு எடுக்க அவர்களின் சம்பளம் போதாது. அவர்கள் உழைப்பு எங்கள் கவுன்டியில் சேர்கிறது. அவர்கள் சம்பளம் வேறொரு மாநிலத்தின் அட்டவணையில் போய் உட்கார்ந்து அதன் இடைநிலையைத் தீர்மானிக்கிறது. வீட்டு விலை உயர்ந்துகொண்டே போகும் கவுன்டி, குறைந்த வருமானக்காரர்களை எல்லைக்கு வெளியே தள்ளித்தான் தன் எண்ணை உயர்த்திக்கொள்கிறது.

1950இல் லவுடனில் இருந்த 21,147 பேரும் பணக்காரர் ஆகிவிடவில்லை என்பதும் இதன் தொடர்ச்சிதான். 1962இல் டல்லஸ் விமான நிலையம் திறந்தது. பக்கத்து ஃபேர்ஃபாக்ஸில் மத்திய அரசின் உளவு, பாதுகாப்பு அமைப்புகளும் அவற்றின் ஒப்பந்த நிறுவனங்களும் பெருகின. 1990களின் தொடக்கத்தில் இணையத்தின் மிக முக்கியமான பரிமாற்ற முனைகளுள் ஒன்று இந்தப் பகுதியில் அமைந்தது. 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் லவுடனுக்குத் தலைமையகத்தை மாற்றியது. 2022 நவம்பரில் மெட்ரோ ரயில் ஆஷ்பர்னை எட்டியது. இந்த அறுபது ஆண்டுகளில் நிலம் விற்ற பண்ணைக்காரர்கள் சிலர் பலன் அடைந்தார்கள். மற்றபடி, இடம் செல்வமானது. செல்வமுள்ளவர்களும் செல்வம் ஈட்டக்கூடிய படிப்பை வைத்திருந்தவர்களும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் நாங்களும் உண்டு. பக்கானனில் நடந்தது இதன் மறுபாதி: படித்த பிள்ளைகள் வெளியேறினார்கள்.

பக்கானன்

கவுன்டியின் தலைமை ஊர் கிரண்டி. லெவிசா ஃபோர்க் ஆறு குறுகிய பள்ளத்தாக்கில் வளைந்து ஓட, ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் ஊரைக் கட்டியிருந்தார்கள். 1977 ஏப்ரலில் ஆறு ஊருக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் திட்டமிட்டு, ராணுவப் பொறியாளர் படையும் மாநில நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து, பழைய கடைத்தெருவை இடித்து, ஆற்றின் மறுகரையில் மலையை வெடிவைத்துக் குடைந்து சமதளம் உண்டாக்கின. 2011இல் அந்தத் தளத்தில் வால்மார்ட் திறந்தது.

அந்தக் கடையின் அமைப்பைச் சொன்னால் ஊரின் கதை விளங்கும். அமெரிக்காவின் சிற்றூர்களில் வால்மார்ட் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்த கார் நிறுத்தமும் நடுவே தரையோடு தரையாக ஒரு கட்டடமும்தான். கிரண்டியில் கார் நிறுத்தம் அடுக்கடுக்காகக் கீழே. கடை அதற்கு மேலே. பின்பக்கம் செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைச் சுவர். கவுன்டியில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, மலை மலையாகக் கிடக்கிறது. ஒரு கடை கட்டத் தட்டையான நிலம்தான் இல்லை. தொழிற்சாலையோ குடியிருப்போ வர வேண்டும் என்றால் முதல் செலவு மலையை வெட்டுவது. லவுடனில் பால்பண்ணையை வாங்கி அடுத்த மாதமே அஸ்திவாரம் தோண்டலாம். இரண்டு கவுன்டிகளின் ஏற்றத்தாழ்வில் மனித முடிவுகளுக்கு முன்பே நிலம் எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது.

பக்கானன் வளமற்ற கவுன்டி என்று யாராவது சொன்னால் அது தவறு. மாநிலத்தில் அதிக நிலக்கரி வெட்டும் கவுன்டி இன்றும் அதுதான். எஃகு ஆலைகள் விரும்பி வாங்கும் உயர்தர நிலக்கரி. கப்பலேறிக் கடல் கடந்து போகிறது. வர்ஜீனியாவின் நிலக்கரி உற்பத்தி 1990இல் உச்சத்தைத் தொட்டது, சுமார் 4.7 கோடி டன். இன்று அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. எந்திரங்கள் வந்துவிட்டதால் வேலைகள் அதைவிட வேகமாகக் குறைந்தன. ஆனால் உற்பத்தி உச்சத்தில் இருந்த காலத்திலும் பக்கானன் பணக்கார கவுன்டி ஆகவில்லை. 1980இல் 37,989 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில், மாநிலம் அதிக நிலக்கரி எடுத்த அதே 1990இல், 31,333 பேர். உற்பத்தி ஏறியது, மக்கள் இறங்கினார்கள்.

காரணம் பத்திரங்களில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் மலைக் குடும்பங்களிடமிருந்து நிலத்தடி உரிமையை வெளியூர் நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. மேலே வீடும் தோட்டமும் குடும்பத்துக்கு. கீழே இருக்கும் கரி நிறுவனத்துக்கு. அப்புறம் நிலக்கரி அடுக்குகளிலிருந்து இயற்கை எரிவாயு எடுக்கும் தொழில் வந்தபோது, அந்த வாயு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்தது. 1990இல் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: உரிமை யாருக்கு என்று தெரியாவிட்டாலும் வாயுவை எடுக்கலாம், உரிமைப் பணத்தை ஒரு பொதுக் கணக்கில் போட்டு வைக்கலாம். வாயு உடனே போனது. பணம் கணக்கில் தேங்கியது. 2004இல் மாநில உச்ச நீதிமன்றம் பக்கானன் வழக்கு ஒன்றில், நிலக்கரியை விற்றவர் வாயுவை விற்றதாக ஆகாது என்று நிலத்துக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் தேங்கிய பணம் எளிதில் கைக்கு வரவில்லை. பிரிஸ்டல் ஹெரால்ட் கூரியர் என்ற சிறிய வட்டார நாளிதழ் அந்தக் கணக்குகளின் குளறுபடியைத் தோண்டி எடுத்து 2010இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு பெற்றது.

ஒரு கவுன்டியின் உற்பத்தி மதிப்பை அதன் செல்வம் என்று எடுத்துக்கொள்ளும் ஒப்பீடுகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். உற்பத்தி அங்கே நடக்கலாம். உரிமைப் பத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும்.

வீட்டு வருமானக் கணக்கிலும் பக்கானனுக்கு ஒரு தனிக்குறிப்பு தேவை. முதியோர் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, கரும்நுரையீரல் நோய்க்கான இழப்பீடு, அரசு மருத்துவக் காப்பீடு ஆகியவை அங்கே வருமானத்தின் பெரும்பகுதி. பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையின் கணக்கில் காப்பீட்டின் வழியே அரசாங்கம் மருத்துவமனைக்குக் கட்டும் தொகையும் நோயாளியின் தனிநபர் வருமானத்தில் சேர்கிறது. ஆகவே நோய் கூடக்கூடக் கவுன்டியின் தலா வருமானம் காகிதத்தில் ஏறும். மருத்துவமனைக் கட்டணமாகப் போய்விட்ட பணத்தில் யாரும் அரிசி வாங்க முடியாது.

செல்வம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் வருமானம்கூட அல்ல, சேர்த்து வைத்தது. வீடு, நிலம், பங்கு, சேமிப்பு, அதிலிருந்து கடனைக் கழித்தது. குடும்பங்களின் நிகர சொத்தைப் பற்றிய மத்திய வங்கியின் ஆய்வு தேசிய அளவில்தான் எண்கள் தருகிறது, கவுன்டிவாரியாகத் தருவதில்லை. பக்கானனில் பெரும்பாலானோர் சொந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், வீட்டுக் கடனும் அதிகமில்லை. அந்த வீடுதான் அவர்களின் மொத்தச் சேமிப்பு. அது நிற்பது ஓடைக்கரையில், ஏனென்றால் தட்டையான இடம் அங்கேதான். 2021 ஆகஸ்டில் ஹர்லி என்ற ஊரில் ஒரே இரவில் ஓடை பெருகி வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. தனிக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் பேரிடர் உதவி மறுக்கப்பட்டது. பின்னர் மாநிலச் சட்டமன்றம் தனியே நிதி ஒதுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே கவுன்டியின் வேறொரு பள்ளத்தாக்கில் மீண்டும் வெள்ளம். ஆண்டு வருமான அட்டவணையில் இந்த இழப்புக்கு இடமே இல்லை.

மாநிலம் கையில் வைத்திருக்கும் மரக்கால்

இதுவரை சொன்னவை ஆய்வாளர்களின் அளவுகள். உண்மையில் பணத்தைப் பங்கிடும் அளவு ஒன்று இருக்கிறது. பள்ளிச் செலவில் கவுன்டி எவ்வளவு போட வேண்டும், மாநிலம் எவ்வளவு தர வேண்டும் என்று வர்ஜீனியா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிடுகிறது. அதற்கு "உள்ளூர் கூட்டுக் குறியீடு" என்று பெயர். கவுன்டியின் அசையாச் சொத்தின் உண்மை மதிப்புக்கு 50 விழுக்காடு எடை, மக்களின் வருமான வரிக் கணக்கில் வரும் மொத்த வருமானத்துக்கு 40, கடைகளின் விற்பனைக்கு 10. இவற்றை மாணவர் எண்ணிக்கையாலும் மக்கள்தொகையாலும் வகுத்து, மாநில சராசரியோடு ஒப்பிடுவார்கள். மாணவர் கணக்குக்கு மூன்றில் இரு பங்கு, மக்கள்தொகைக் கணக்குக்கு மூன்றில் ஒரு பங்கு. சராசரியான இடத்துக்கு 0.45 வரும். உச்சவரம்பு 0.8. குறியீடு 0.8 என்றால், அரசு வகுத்த அடிப்படைக் கல்விச் செலவில் 80 விழுக்காட்டை உள்ளூரே ஏற்க வேண்டும்.

ஆர்லிங்டனுக்கு 0.8. ஃபால்ஸ் சர்ச்சுக்கும் 0.8. தென்மேற்குக் கோடியில் லீ, ஸ்காட் கவுன்டிகளுக்கு 0.2க்கும் கீழே. இவை எதிர்பார்த்தவை. அடுத்த பெயரில்தான் நான் நின்றுவிட்டேன்: பாத் கவுன்டி, 0.8. அலிகெனி மலைகளுக்கு நடுவே 2020இல் 4,209 பேர், பெரும்பகுதி தேசியக் காடு. குடும்ப வருமானப் பட்டியலில் அது நடுவிலோ அதற்குக் கீழேயோ கிடக்கும் இடம். அதற்கு ஆர்லிங்டனின் குறியீடு எப்படி வந்தது?

மலைமேல் ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே 1985 முதல் இயங்குகிறது. திறன் 3,003 மெகாவாட். உலகின் மிகப்பெரிய நீரேற்று மின்நிலையம் என்ற பெயரைப் பல பத்தாண்டுகள் தக்கவைத்திருந்தது. அதன் மதிப்பு முழுவதும் கவுன்டியின் சொத்துக் கணக்கில் சேர்கிறது. வகுப்பதற்கு இருப்பவர்கள் சில நூறு மாணவர்கள். குறியீடு உச்சவரம்பில் போய் முட்டிவிடுகிறது. பாத் விஷயத்தில் இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அந்த நிலையம் கவுன்டிக்கு உண்மையிலேயே வரி கட்டுகிறது. குடும்பங்கள் நடுத்தரம், கவுன்டி அலுவலகம் செழிப்பு என்பதுதான் அங்கே நிலைமை. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும்போதுதான் தவறு நடக்கிறது.

லங்காஸ்டர் கவுன்டிதான் மனதை உறுத்துகிறது. செசபீக் விரிகுடாவின் கரையில் சுமார் 11,000 பேர். ஓய்வுபெற்ற பணக்காரர்கள் கடலோரத்தில் பெரிய வீடுகள் கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மதிப்பும் முதலீட்டு வருமானமும் குறியீட்டை உயரத்தில் ஏற்றிவிடுகின்றன. அவர்களின் பிள்ளைகள் வளர்ந்து எங்கோ போய்விட்டார்கள். உள்ளூர்ப் பள்ளியில் உட்கார்ந்திருப்பவர்கள் மீன்பிடித் தொழிலாளர்களின், கடைப் பணியாளர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் ஏழைகள். பள்ளியில் இல்லாதவர்களின் செல்வத்தை வைத்துப் பள்ளியில் இருப்பவர்களுக்கு மாநிலம் உதவியைக் குறைக்கிறது. வாக்களிக்கும் ஓய்வூதியர் வரியை ஏற்றச் சம்மதித்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும்.

இப்போது லவுடன். குறியீடு 0.55ஐ ஒட்டி. நாட்டின் முதல் இடத்துக் கவுன்டி, மாநிலத்தின் உச்சவரம்புக்கு வெகு கீழே. இதற்கு ஒரு காரணம் நியாயமானது: எங்களிடம் பிள்ளைகள் அதிகம், 80,000 மாணவர்களுக்கு மேல். வகுக்கும் எண் பெரியது. மற்றொரு காரணத்தைப் பற்றி எங்கள் பகுதியில் அதிகம் பேசுவதில்லை.

ஆஷ்பர்னில் சாலையோரமாக நடந்தால் சன்னல் இல்லாத சாம்பல் நிறக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அருகே போனால் குளிரூட்டும் விசிறிகளின் ஓயாத முரலல். கவுன்டி முழுவதும் இருநூறை ஒட்டிய தரவு மையங்கள். இந்தக் கட்டடங்களுக்குச் சொத்து வரி உண்டு. ஆனால் பெரும்பணம் வருவது உள்ளே அடுக்கியிருக்கும் கணினிகளின் மீதான அசையும் சொத்து வரியிலிருந்து. 100 டாலர் மதிப்புக்கு 4.15 டாலர். கவுன்டியின் பொது நிதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தரவு மையங்களிலிருந்தே வருகிறது. அதனால்தான் 2012இல் 100 டாலருக்கு 1.235 டாலராக இருந்த எங்கள் வீட்டு வரி விகிதம் 2025இல் 0.805 டாலராக இறங்க முடிந்தது.

குறியீட்டுச் சூத்திரத்தை மீண்டும் பாருங்கள். அசையாச் சொத்து, வருமானம், விற்பனை. அசையும் சொத்து அதில் இல்லவே இல்லை. சூத்திரத்தை வகுத்த காலத்தில் அசையும் சொத்து என்றால் பெரும்பாலும் கார்தான். இன்று அது பல்லாயிரம் கோடி ரூபாய்க்குச் சமமான கணினிகள். பாத் கவுன்டியின் நீரேற்று நிலையம் கடைசி டாலர் வரை எண்ணப்படுகிறது. லவுடனின் கணினிகளில் ஒரு டாலர்கூட எண்ணப்படுவதில்லை. எண்ணினால் மாநிலத்திலிருந்து எங்கள் பள்ளிகளுக்கு வரும் பணம் குறையும், அந்தப் பணம் லீ, ஸ்காட், பக்கானன் போன்ற இடங்களுக்குப் போகலாம். லவுடனில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவனாக இருந்தும், எண்ண வேண்டும் என்றே சொல்கிறேன். சூத்திரத்தில் அசையும் சொத்து சேர வேண்டும். லங்காஸ்டர் போன்ற இடங்களுக்காக ஏழை மாணவர் விகிதமும் அதே சூத்திரத்துக்குள் வர வேண்டும். இரண்டும் மாநிலம் ஏற்கெனவே திரட்டி வைத்திருக்கும் எண்கள்தான்.

கரியும் கணினியும்

லவுடனின் செல்வம் நிலையானதா என்ற கேள்வியும் இந்த ஒப்பீட்டுக்குள் வந்தாக வேண்டும். கணினியின் மதிப்பைக் கவுன்டி ஆண்டுதோறும் குறைத்துக் கணக்கிடுகிறது: முதல் ஆண்டு வாங்கிய விலையில் 50 விழுக்காடு, பிறகு 40, 30, 20, 10. 10,000 டாலருக்கு வாங்கிய ஒரு கணினிக்கு முதல் ஆண்டு வரி 207 டாலர் 50 சென்ட். ஐந்தாம் ஆண்டு 41 டாலர் 50 சென்ட். பழையவற்றைத் தூக்கிவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொண்டே இருந்தால்தான் வருவாய் நிற்கும். எந்த நிறுவனம் எந்த ஆண்டு எவ்வளவு மாற்றும் என்பது கவுன்டியின் கையில் இல்லை. 2021இல் இந்த வருவாய் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து நிதிநிலை அறிக்கையில் ஓட்டை விழுந்தது. பக்கானனின் முதியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வெட்டி எடுக்கும் நிலக்கரிக்கு அங்கேயும் உள்ளூர் வரி உண்டு; கரி விலை உயர்ந்த ஆண்டில் கவுன்டியிடம் பணம் இருந்தது, விழுந்த ஆண்டில் இல்லை. நல்ல ஆண்டுகளில் வந்ததைக் கொண்டு அந்தக் கவுன்டி சும்மா இருந்துவிடவில்லை. 1997இல் கிரண்டியில் ஒரு சட்டக் கல்லூரியும் பின்னர் ஓக்வுட்டில் ஒரு மருந்தியல் கல்லூரியும் வந்தன. மலை இடுக்கில் இருபதாயிரம் பேர் உள்ள கவுன்டிக்கு இரண்டு தொழிற்கல்லூரிகள்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2025 மார்ச்சில் லவுடனின் மேற்பார்வையாளர் குழு, தனி அனுமதி இல்லாமல் தரவு மையங்களை இனி யாரும் கட்டிக்கொள்ள முடியாது என்று முடிவெடுத்தது. ஒவ்வொரு விண்ணப்பமும் பொது விசாரணைக்கு வர வேண்டும், மின்கம்பி எந்த வழியாகப் போகும், இரைச்சல் எந்த வீட்டுக்குக் கேட்கும் என்று குடிமக்கள் எழுந்து நின்று கேட்கலாம், குழு மறுக்கலாம். பக்கானன் மலைகளில் சுரங்கத்துக்கு அப்படி ஒரு விசாரணை வைக்கும் காலம் வந்தபோது, மண்ணுக்கு அடியில் இருந்தது ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது.